வெட்டி ஒட்டிய தலைப்புகள்

காலை எட்டு மணிக்கே அன்பரசி கரை வைத்த சேலையில் நின்றாள். மாமியார் மணியம்மாவுக்கு அது கண்ணை உறுத்தியது.

“பூக் கொட்டகைக்கு யாருடி இப்படி உடுத்திக்கிட்டுப் போறா?”

“இன்னிக்கு லீவு, அத்தை. டவுன்ல கொஞ்சம் வேல இருக்கு...”

“என்னா வேல?”

அன்பரசி டீயை ஆற்றினாள். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மணியம்மா அதையும் கவனித்துக்கொண்டாள்.

ஏற்கெனவே வீடு கவலையில் கிடந்தது. மணியம்மாவுக்கு வயதாகிவிட்டதால் இந்த மாதக் கடைசியோடு தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிகிறது. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத குடும்பம் மூன்று மாதத்தில் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆபிஸ் கிராணி சொல்லிவிட்டார். மகன் வசந்தன் கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான். லோரியை விட்டுவிட்டுத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பனி கொஞ்சம் கூடினாலே மூச்சிரைக்கும் அவனுக்கு!

இந்த நேரத்தில்தான் மருமகள் மேல் சந்தேகம் விழுந்தது. வேலை செய்யும் பூந்தோட்டக் கொட்டகையில் செவ்வாயும் வியாழனும் ஓவர்டைம் என்று சொல்லி இருட்டிய பிறகுதான் வருவாள். பூச் சுற்றுவதற்கு வைத்திருக்கும் பழைய இங்கிலீஷ் பேப்பரில் ஒன்றிரண்டு தாளை மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வருவாள். முந்தாநாள் கோயிலில் பூக் கொட்டகையை மேற்பார்க்கும் மண்டோர் கந்தனைப் பார்த்த மணியம்மா, “எம் மருமகள இப்படியா வேல வாங்குறது?” என்று சண்டைக்கே போய்விட்டாள். அவன் விழித்தான்.

“ஓவர்டைமா? மூணு மாசமா யாருக்குமே இல்லியே லா!”

அன்று சுருங்கிய முகம் இன்னும் விரியவில்லை. அன்பரசியின் போன் அடித்தால் மணியம்மாவின் காது அங்கே போனது. அவள் அலமாரியைத் திறந்தால் கண் அங்கே போனது.

“அம்மா, அண்ணி ஒளிச்சது கெடைச்சிருச்சி!” வசந்தனின் தங்கை சாந்தினி சமையல்கட்டிலிருந்து வந்தாள். கையில் நீல அட்டை நோட்டு. “அரிசி வாளிக்குப் பின்னால இருந்திச்சி.”

அன்பரசிக்கு முகம் வெளுத்தது. “குடு சாந்தினி... அது என்னோடது...”

“இருங்க அண்ணி.”

சாந்தினி ஸ்ட்ராபெரிக் கடையில் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகியவள். நோட்டைப் புரட்டினாள். பக்கத்துக்கு ஒரு பத்திரிகைத் தலைப்பு வெட்டி ஒட்டியிருந்தது. அதன் கீழே கோடு போட்டு ஐந்து இங்கிலீஷ் சொற்கள், எதிரே தமிழில் பொருள். தமிழை மட்டும் படிக்கப் படிக்க அவள் குரல் உயர்ந்தது.

“தப்பி ஓடு... பிரிவு... ஏமாற்று... விவாகரத்து... ஐயோ அம்மா, கள்ள உறவுன்னு எழுதியிருக்கு!”

வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த வசந்தன் துணியோடு உள்ளே வந்தான்.

“என்னா அன்பு இது?”

“பேப்பர்ல வர்ற வார்த்தைங்க...”

“எல்லாமே இந்த மாதிரியா?”

“பேப்பர்ல வேற என்னாங்க வருது? நல்லாருக்கிற குடும்பத்தப் பத்தி யாரு தலைப்பு போடுறா?”

“அத வுடு!” மணியம்மா குறுக்கே வந்தாள். “ஓவர்டைம்னு ஏன் பொய் சொன்ன?”

அன்பரசி எதை மறுப்பாள்? சொன்னது பொய்தானே! சுவரில் மணி எட்டு இருபது.

“பஸ்சு போயிரும் அத்தை... என்னைய வுடுங்க...”

“எவன் காத்துக்கிட்டு நிக்கிறான் அங்க?”

அவ்வளவுதான். அன்பரசி உடைந்துபோனாள்.

“அத்தை! எட்டு வருஷமா உங்க கையால சோறு தின்னவள... இப்படிக் கேட்டுட்டீங்களே! சாந்தினி, வார்த்தைய மட்டும் படிச்சியே, நோட்ட திருப்பு. பின்பக்கத்துலேருந்து படி!”

பின்பக்கத்தில் முழுக்க இங்கிலீஷ். அழித்து அழித்து எழுதியதில் தாளே மெலிந்திருந்தது. சாந்தினி தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னாள்.

“‘காலை வணக்கம். எங்கள் தோட்டத்துக்கு உங்களை வரவேற்கிறேன். என் பெயர் அன்பரசி. எதிரே தெரியும் சரிவில் என் மாமியார் முப்பத்துநான்கு வருஷம் கொழுந்து எடுத்தார். மிஷின் வருவதற்கு முன்னால் கையால் எடுத்தார். மழையிலும் எடுத்தார். நீங்கள் குடிக்கும் தேநீர்...’”

சாந்தினி நோட்டை மூடி அண்ணியிடம் நீட்டினாள்.

“தோட்டத்து டீ சென்டர்ல வெளிநாட்டுக்காரங்களுக்குச் சுத்திக் காட்டுற வேல,” அன்பரசி விசும்பினாள். “ஒம்பதரைக்கு இண்டர்வியூ. அதுவும் தோட்டத்து வேலதானே... கெடைச்சா வீடு நமக்கே நிக்கும். இவரு மருந்தடிக்கப் போவ வேணாம். தானா ராத்தா டவுன்ல குமுதா டீச்சர்கிட்ட இங்கிலீஷ் கிளாஸ் போனேன். ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்கு அஞ்சு வார்த்த. தொண்ணூத்திரெண்டு தலைப்பு ஆச்சி...”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேடி!”

“பள்ளிக்கூடத்துல ரெண்டு தடவ இங்கிலீஷ்ல பெயிலானவ, அத்தை. உங்களுக்கு ஆசைய காட்டிட்டு அப்புறம் தோத்துட்டா...?”

கீழ் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக் கடந்து போனது.

மணியம்மா இரண்டே எட்டில் வந்து மருமகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். “பாவி நான்... என்னா வார்த்த கேட்டுட்டேன்... நீ என் வீட்டுக்காக ஓடுற, நான் ஒன்னைய ஓடுகாலின்னு நெனச்சேனே!”

வசந்தன் தலை நிமிரவில்லை. “அன்பு... நானும்...”

“அப்புறம் அழுவலாம். மோட்டார எடுடா!” என்றாள் தாய்.

பின்சீட்டில் ஏறும்போது அன்பரசி திரும்பிப் பார்த்தாள். “தேறலன்னா, அத்தை?”

“தேறலன்னா நாலு பேரும் சேந்து சாமான் கட்டுவோம். நீ மட்டும் தூக்கிச் சொமக்க வேணாம்.”

மோட்டார் உறுமியது. “நில்லு, நில்லு!” மணியம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

“முப்பத்துநாலு இல்லடி, முப்பத்தாறு. கல்யாணம் ஆகி வந்த புதுசுல பேரு பதியாம ரெண்டு வருஷம் எடுத்தேன். அது ஆபிஸ்ல யாருக்கும் தெரியாது.”

அன்பரசி நோட்டைத் தொடையில் வைத்துப் பழையதை அடித்துப் புதியதை எழுதினாள்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன், அத்தை.”

“அப்பப் போ. போயி அவங்ககிட்ட சொல்லு.”