மூன்று புத்தகங்களிலும் இருந்த பெண்

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்றார் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில். "நீங்க எழுதியிருக்கிற அந்தப் பொம்பளை இந்தப் புத்தகத்துல எங்க வர்றா?"

கட்டுரை எழுதிய அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "புத்தகத்தைப் புரட்டாமலே என்னைக் கேள்வி கேக்க வந்துட்டீங்களா? ஈரத் தலையோட, காய்ச்சல்ல கிடக்கிற குழந்தையைத் தூக்கி இடுப்புல வச்சுக்குவாளே, அவதான்."

"முழுசாப் படிச்சுட்டுத்தான் கேக்கிறேன். இது தேனீ வளர்க்கிறதைப் பத்தின புத்தகம்க்கா. குழந்தையும் இல்லை, பொம்பளையும் இல்லை. போன ரெண்டு மாசமும் வாசகர்கள் இதையேதான் கேட்டிருந்தாங்க. நான்தான் கண்டுக்காம விட்டுட்டேன். அந்தப் பத்தியை எடுத்துட்டு அனுப்புங்க."

'அண்மையில் படித்து முடித்தவை' என்று மாதாமாதம் அவள் எழுதிவந்த கட்டுரைக்கு ஒரே நிபந்தனைதான் உண்டு. மூடிய புத்தகத்தை மறுபடி திறக்கக் கூடாது. மனதில் எது ஒட்டிக்கொண்டதோ அதை மட்டும் எழுத வேண்டும். பக்க எண் பார்த்து எழுதுகிறவர்களை வாசகர் கூட்டங்களில் அவள் கிண்டலடிப்பதும், அதற்குக் கைதட்டல் வாங்குவதும் வழக்கம். இன்று முதல் தடவையாக அந்த நிபந்தனையை மீறினாள்.

கடைசி மூன்று கட்டுரைகளுக்கான புத்தகங்களையும் அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் போட்டாள். அவள் எழுதியிருந்தபடி, கப்பல் பயண நாவலில், அறைக்கு வெளியே தலைமுடியில் நீர் சொட்ட நின்றுகொண்டு, "உள்ளே குழந்தை இருக்கா?" என்று கேட்பாள் அந்தப் பெண். மருத்துவரின் நினைவுக் குறிப்புகளில், காய்ச்சல்காரக் குழந்தையின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். தேனீப் புத்தகத்தில் குழந்தையைத் தூக்கிக்கொள்வாள். புத்தகத்திலேயே உயிருள்ள ஆள் அவள்தான் என்று மூன்று தடவையும் மனதாரப் புகழ்ந்து எழுதியிருந்தாள். இப்போது ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் அந்தப் பெண் இல்லை.

வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்த மதியம் அது. தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகிக்கொண்டிருந்தது. கணவன் வெளியூரில். பள்ளியிலிருந்து காய்ச்சலோடு பாதியில் வந்துவிட்ட மகள் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். புத்தகத் தூசியின் வாசனைக்கு நடுவே இன்னொன்று மெல்ல மெல்ல ஏறி வந்தது. வெகுநேரம் துவட்டாமல் விட்ட தலைமுடியின் புழுங்கல் வாடை. தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

உள் அறைக்குப் போனாள். மகள் கண் விழித்திருந்தாள்.

"ஏம்மா எழுந்து போன?"

"நான் இப்பத்தானே பாப்பா வர்றேன்."

"போம்மா, பொய் சொல்ற. இவ்ளோ நேரம் கால்மாட்டுலதான உக்காந்திருந்த. கை கூட ஜில்லுன்னு இருந்துச்சு."

கால்மாட்டில் போர்வை ஓர் ஆள் அளவுக்கு அமுங்கி, ஈரமாக இருந்தது. குழந்தையை வாரிக்கொண்டு அந்த நிமிடமே பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் வாசல் பூட்டியிருந்தது, சாவி மேஜையில் இருந்தது. "இதோ வந்துடறேண்டா, எங்கயும் போகாத" என்று கூடத்துக்கு ஓடினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். உள்ளே யாரோ மெதுவாகத் தாலாட்டு முனகினார்கள். மகள் தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள். அவள் கதவை அறைந்தாள், அழுதாள், கெஞ்சினாள். முனகல் நிற்கவில்லை.

மேஜையில் கணினி திறந்தே கிடந்தது. திரையில் அந்தப் பத்தி. தன் எழுத்து வழியாகத்தான் அந்தப் பெண் வந்தாள் என்றால் தன் எழுத்தாலேயே அவளைத் துரத்தவும் முடியும் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றியது. பத்தியை அழித்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. போதாது. அழித்தால் போகமாட்டாள். போவதாக எழுத வேண்டும். வேகமாகத் தட்டினாள்.

'கடைசியில் அந்தப் பெண் எழுந்து, கதவுகளைத் திறந்துகொண்டு, இந்த வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறாள். திரும்பி வருவதே இல்லை.'

தாலாட்டு நின்றது.

அறைக் கதவு திறந்தது. காலடி. ஈரமான, கனமான காலடி. அவள் திரும்பவில்லை. திரும்பத் துணிவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். அந்த வாடை கழுத்தை உரசிக் கடந்தது. வாசல் பூட்டு தானாகத் திறந்தது. கதவு திறந்து, சாத்திக்கொண்டது.

போய்விட்டாள். நிஜமாகவே போய்விட்டாள். பெருமூச்சு விட்டு, கண்ணைத் துடைத்து, அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். தேர்ந்த வாசகி அல்லவா. 'தனியாக' என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

உள் அறைக்கு ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது.

வாசலுக்குப் பாய்ந்தாள். சாவியைத் திருகினாள், தாழ்ப்பாளை உலுக்கினாள். கதவு அசையவே இல்லை. பால்கனிக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே, வெயில் கொளுத்தும் தெருவில், தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். இவளுடைய அதே உயரம், அதே நடை. இடுப்பில் குழந்தை.

"பாப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "பாப்பா! அம்மா இங்க இருக்கேண்டா!"

மகள் நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பயந்து, தன்னைச் சுமந்திருந்தவளின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் போம்மா" என்றாள். "அங்க யாரோ கத்துறாங்க."