குங்குமம் வைக்க ஓர் இடம்

ஆயுத பூசையன்று காலையில், செவ்வூர் காற்றுப் பங்கீட்டு அலுவலகத்தின் ஏவலன்கள் எண்ணெய் போட்டு மூட்டுகளைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. மனிதர்கள் செவ்வாயில் குடியேறி மூன்று தலைமுறை ஆகியும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. இங்கே நாள் பூமியைவிடச் சற்று நீளம். ஆனாலும் பஞ்சாங்கம் மயிலாப்பூருடையதுதான். பங்கீட்டு எழுத்தர் குணவதி, குங்குமச் சிமிழோடு ஒவ்வோர் இயந்திர நெற்றியிலும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள்.

"போன வருசம் கண்ணுல பட்டிருச்சும்மா. ஒரு வாரம் சுவத்துல முட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றது கடைசியில் நின்ற ஏவலன்.

"நீ எப்பவும் முட்டிக்கிட்டுத்தான் திரியிற. குனி."

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த திருநாவுக்கு மட்டும் பூசையில் மனம் ஒட்டவில்லை. அவன் விண்ணகம் நிறுவனத்தின் விளக்குநர். செவ்வாயின் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் போய், "உங்கள் கோப்புகளை மேசைக்கடியில் உள்ள பெட்டியில் வைக்காதீர்கள், மேகக் கிடங்கில் வையுங்கள்" என்று பாடம் நடத்தி, பழைய கணினிப் பெட்டிகளைப் பிடுங்கி உடைசலுக்கு அனுப்புவது அவன் வேலை. கடைசிப் பெட்டியும் ஒழிந்தது என்று அறிக்கை அனுப்பினால்தான் பூமிக்குத் திரும்பும் சீட்டு கிடைக்கும். கலம் மறுநாள் கிளம்புகிறது. விட்டால் அடுத்த கலத்துக்கு இரண்டு வருடத்துக்குமேல் காத்திருக்க வேண்டும். அவன் கிளம்பி வந்தபோது மனைவி வயிற்றில் இருந்த பெண், இப்போது பேசுகிறாள். போன வாரம் செவிக்குமிழில் கூப்பிட்டபோது, "நீ யாரு?" என்று கேட்டாள்.

செவ்வாய் முழுக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு பெட்டி. அது குணவதியின் மேசைக்கடியில் இருந்தது.

பாடம் நடத்திய அன்றே அவள் இழுத்தடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"குழாயத் திறந்தா தண்ணி வருதுல்லக்கா? வீட்டுக்குள்ள கிணறு தோண்டியா வெச்சிருக்கீங்க? தொட்டி எங்கயோ இருக்கு, யாரோ பாத்துக்கறாங்க. அந்த மாதிரிதான் இதுவும்" என்று திருநாவு அழகாகத்தான் சொன்னான்.

"அந்தத் தொட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. வடக்குக் குவிமாடத்துக்குப் பின்னாடி. உங்க மேகம் எங்க இருக்கு?"

"எங்கன்னு தெரிஞ்சுக்க வேண்டியதே இல்ல. அதான் அதோட சௌகரியம்."

"பூமிக்குப் பேசினா பதில் வர அவ்வளவு நேரமாகுது. ஃபைலு மட்டும் எப்படித் தொட்ட உடனே திறக்குது?"

"அதுதாங்க்கா தொழில்நுட்பம்" என்றான் திருநாவு. அது எப்படி என்று அவனுக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை.

குணவதி விடவில்லை. "சரி, ஆயுத பூசைக்குப் பொட்டு எங்க வைக்கிறது?"

இதற்கு நிறுவனத்தின் கையேட்டில் பதில் இல்லை. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பெட்டிக்கு இந்த வருடப் பூசை நடக்கட்டும். மறுநாள் காலை அதை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சந்தோஷத்தில் குணவதி தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவனுக்கும் தயிர்சாதம் கொடுத்தாள், தொட்டுக்கொள்ள ஆவக்காய். செவ்வாயில் மாங்காய் காய்ப்பதில்லை. திருநாவு கண்ணை மூடிக்கொண்டு நக்கினான்.

"ஏதுக்கா இது?"

"மாசாமாசம் ஒரு பாட்டில் வருது. ஏதோ பரிசாம். ரெண்டு வருசம் முன்னாடி கணினியில என்னமோ நீளமா ஒண்ணு வந்துச்சு, சம்மதம்னு அமுக்கினேன்."

டிபன் பாக்ஸை அவள் பெட்டியின் தலைமேல்தான் வைப்பாள். முன்பெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும் என்றும், இந்த வருடம் மாதத்துக்கு மாதம் சூடு ஏறி, இப்போது இட்லியே வேகும்போல் இருக்கிறது என்றும் சொன்னாள். பழைய பெட்டி என்றால் அப்படித்தான் என்றான் திருநாவு.

பூசையன்று ஊரே அலுவலகக் கூடத்தில் திரண்டிருந்தது. ஏவலன்களுக்குப் பொட்டு வைத்து முடித்த குணவதி தன் பெட்டியின் சுவிட்சை அணைத்து, அதைத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் தூக்கி வைத்து, மூன்று விரலால் விபூதி இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. கற்பூரம் காட்டியாயிற்று. பொரியும் சுண்டலும் கொடுத்தாயிற்று. வீட்டுக்குக் கிளம்பியவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள்.

"கதவு திறக்கமாட்டேங்குது."

செவ்வூரில் காற்று ஆளைத் தொடர்ந்து போகும். வீட்டைவிட்டு ஆள் கிளம்பினால் அந்த வீட்டுக் காற்று அடைபட்டு, அவர் போய்ச் சேரும் இடத்தில் திறக்கும். யாருக்கு எந்த வீடு, எவ்வளவு காற்று என்ற கணக்கெல்லாம் கோப்பில் இருக்கிறது. கோப்பு மேகக் கிடங்கில் இருக்கிறது. கிடங்கோ, 'சற்று நேரம் பொறுத்திருக்கவும்' என்கிறது. ஊர் முழுக்க வீடுகள் காற்றில்லாமல் பூட்டிக் கிடந்தன. கூடத்தில் மட்டும் காற்றும் சுண்டலும் இருந்தன. சுண்டல் தீர்ந்துகொண்டிருந்தது.

"விளக்குனவரு எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள். அத்தனை தலைகளும் திருநாவு பக்கம் திரும்பின.

அவன் காதுக்குப் பின்னால் பதித்திருந்த செவிக்குமிழைத் தட்டி, பூமியில் இருக்கும் விண்ணகத்தைக் கூப்பிட்டான். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்துவிடலாம். பதில் வந்தது. "கோப்புகள் பத்திரமாக உள்ளன. எங்கே என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை."

அது அவன் பாடத்தில் வரும் வரிதான். மற்றவர் வாயால் கேட்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை.

அதட்டிக் கேட்டதில், விண்ணகத்துக்குச் சொந்தமாகக் கிடங்கே கிடையாது என்று தெரிந்தது. அந்த வேலையை நிலவில் ஒரு கம்பெனிக்கு விட்டிருந்தார்கள். நிலவுக்காரன், "நாங்க செவ்வாய்லயே ஒருத்தருக்குக் கைமாத்தி விட்டுட்டோம் சார், பத்திரமா இருக்கும்" என்றான். செவ்வாய்க் குத்தகைதாரர் தெற்குக் குவிமாடத்தில் ஓர் அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். எழுப்பினார்கள்.

"எனக்கு ஏதுங்க கிடங்கு? ஆபீஸ்ல எல்லாம் பெட்டி பாதி காலியாத்தானே கெடக்கு. அதுல இடம் வாடகைக்கு எடுத்துப் போட்டு வெப்பேன். இப்ப எவனோ ஒரு புண்ணியவான் ஊர் ஊராப் போய்ப் பெட்டியெல்லாம் பிடுங்குறான். பிடுங்கப் பிடுங்க நான் மிச்சம் இருக்குறதுக்கு மாத்திக்கிட்டே வந்தேன். இப்ப எல்லாம் ஒரே பெட்டியில இருக்கு."

"எந்தப் பெட்டி?"

"காற்றுப் பங்கீடு ஆபீஸ், ஜன்னலோரம். குணவதின்னு ஓர் அம்மா. ஊறுகா அனுப்புறோம்."

திருநாவு மெல்லத் திரும்பிப் பார்த்தான். செவ்வாய்க் கோளின் மேகக் கிடங்கு, வாழைப்பழச் சீப்புக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, பெட்டியோட சுவிட்சப் போடுங்க."

"பூசையில வெச்சத மறுநாள்தான் எடுக்கணும்."

"அக்கா, புள்ளைங்கல்லாம் வீட்டுக்குப் போகணும்."

"அதுக்காகச் சாமிய அவசரப்படுத்த முடியுமா? மறுநாள் ஆகட்டும்." கொஞ்சம் யோசித்தாள். "பஞ்சாங்கம் மயிலாப்பூர்து. அங்க இப்ப விடிஞ்சிருச்சா?"

திருநாவு மனைவியைக் கூப்பிட்டான். இன்னொரு பந்தி நேரம் கழித்துப் பதில் வந்தது. பின்னணியில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. "விடிஞ்சாச்சு. பாப்பா முழிச்சுட்டா. நாளைக்குக் கிளம்பிடுவீங்கல்ல?"

குணவதி மறுபூசை போட்டு, பூவை எடுத்துவிட்டு, பெட்டியை மேசைக்கடியில் திரும்ப வைத்து, சுவிட்சைப் போட்டாள். ஊர் முழுக்கக் கதவுகள் திறந்தன. ஏவலன்கள் கைதட்டின. அதில் ஒன்று சுவரில் முட்டிக்கொண்டது.

எல்லோரும் போனபின் திருநாவு தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பெட்டியை எடுத்தால் ஊர் மூச்சுவிட முடியாது. எடுக்காவிட்டால் கலம் போய்விடும்.

"எடுத்தாச்சுன்னு எழுதி அனுப்பு தம்பி" என்றாள் குணவதி.

"பொய்யில்லையாக்கா?"

"இத்தனை வருசத்துல எது எங்க இருக்குன்னு ஒருத்தராவது வந்து பாத்தாங்களா?"

அவன் 'கடைசிப் பெட்டியும் அகற்றப்பட்டது' என்று அனுப்பினான். உடனே, தொட்ட கணத்திலேயே, 'தங்கள் அறிக்கை மேகக் கிடங்கில் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது' என்று வந்தது. மேசைக்கடியில் குங்குமத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

மறுநாள் கலத்தின் வாசலில் செவிக்குமிழ் பயண விதிமுறைகளைப் படிக்கத் தொடங்கியது. நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். திருநாவு, "சம்மதம், சம்மதம்" என்றான்.

நடுவழியில் குணவதியிடமிருந்து தகவல் வந்தது. 'தம்பி, கிடங்கு ஒழுங்கா நடக்குது. ஆனா என் பெட்டி ஜில்லுனு ஆயிருச்சு. ஊறுகாயும் நின்னுபோச்சு. நீ அனுப்புன அறிக்கையை யாரோ நம்பிட்டாங்க போல.'

அன்றைய சாப்பாட்டுத் தட்டில் ஒரு சின்ன ஆவக்காய் பாட்டில் இருந்தது. கலத்துக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள் என்று திருநாவு நினைத்துக்கொண்டான். மறுமாதமும் வந்தது.

பூமியில் இறங்கியபோது மனைவி குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். குழந்தை அவனை உற்றுப் பார்த்தது. மூக்கைத் தொட்டது, மீசையை இழுத்தது, காதுக்குப் பின்னால் கையை வைத்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பியது.

"அம்மா, அப்பா சுடுது."