நாலாவது லைட் எரிந்தபோது...!

"ஐயய்யோ... ஆளு! தண்ணிக்குள்ள ஆளு...!"

சமையல்காரப் பொன்னாயி போட்ட கூச்சலில், வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்துப் பலாமரங்களில் அடையப் போன காக்கைகள் அத்தனையும் மறுபடி எழுந்து பறந்தன.

சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றான் எலக்ட்ரீசியன் ராஜதுரை.

மாலை ஐந்தே முக்கால். பங்களாவைச் சுற்றிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நீச்சல் குளத்தின் நான்கு பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு, கரண்டை மிச்சம் பிடிக்கும் நான்கு புது எல்.இ.டி.களை மாட்டி, இப்போதுதான் சுவிட்சைத் தட்டியிருந்தான்.

குளம் பளீரென்று வெளுத்திருந்தது.

ஆழமான பக்கத்தில், தரையோடு தரையாக...

குப்புறக் கிடந்தது ஓர் உருவம்!

கட்டம் போட்ட சட்டை. கறுப்பு பேண்ட். விரிந்த கைகள். அசைவில்லை.

"என்ன சத்தம்? என்ன சத்தம்?"

பங்களா முதலாளி குணசேகரன் ஓடி வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை வந்து சேர்ந்தது. நாமக்கல்லில் முப்பது வருடம் ரெடிமேட் துணிக்கடை நடத்திவிட்டு, ஓய்வெடுக்க மலையேறியவர்.

குளத்தைப் பார்த்தார். முகம் பேயறைந்தது போல ஆயிற்று.

"ஆழமான பக்கத்து லைட்டை மாத்தவே வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே தம்பி!"

"பெங்களூர்ல இருந்து உங்க மக கௌசிகா அக்கா போன் பண்ணி, நாலையும் மாத்தச் சொன்னாங்களேங்க ஐயா..."

"அவ சொன்னா... அதுக்கு...!" குளத்தை மறுபடி எட்டிப் பார்த்தவர், சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ! இது நம்ம வாட்ச்மேன் சின்னுசாமியேதான்!"

ராஜதுரை குனிந்து இன்னொரு முறை பார்த்தான்.

சின்னுசாமியைக் காலையிலிருந்து காணோம். அது உண்மை. ஆனால்...

"சின்னுசாமி அண்ணன் ஒட்டடைக்குச்சியாட்டம் இருப்பாருங்களே? இது இவ்ளோ பருமனா..."

"தண்ணி குடிச்சு ஊதியிருக்கும்!"

"காத்தால காணாமப் போன ஆளுங்க," என்றாள் பொன்னாயி, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. "இந்தக் கெட்ட நாத்தம் மூணு நாளா அடிக்குதுங்களே?"

"அது செத்த தவளை நாத்தம். நீ உள்ள போய் அடுப்பைப் பாரு!"

"பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது? ரசம் வெக்க ஊட்டுல ஒரு மிளகு இல்லை..." முணுமுணுத்தாலும் பொன்னாயி நகரவில்லை. ஒரு பிணத்தை விட்டுவிட்டு யார்தான் ரசம் வைக்கப் போவார்கள்?

குணசேகரன் ராஜதுரையின் பக்கம் திரும்பினார்.

"கரண்ட் அடிச்சுத்தான் செத்திருக்கான். நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

"இது பன்னெண்டு வோல்ட் லைட்டுங்க ஐயா. இதுல கொசு கூடச் சாவாது..."

சொல்லும்போதே ராஜதுரைக்கு மத்தியானம் நடந்தது ஞாபகம் வந்தது.

கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் அது சும்மா சும்மா விழுந்துகொண்டே இருந்தது. அலுத்துப் போன ராஜதுரை, அதை ஒதுக்கிவிட்டு, குளத்து மோட்டாருக்கு நேராக ஓர் ஒயரைக் கொடுத்து ஓட்டிப் பார்த்திருந்தான்.

பத்தே நிமிடம்தான்!

அந்தப் பத்து நிமிடத்தில் சின்னுசாமி தண்ணீரில் இறங்கியிருந்தால்...?

"ஐயா..." ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான்.

கேட்ட குணசேகரனின் முகம் தீபாவளி மாதிரி மலர்ந்தது. உடனே அதைத் துக்கமாக மாற்றிக்கொண்டார்.

"அட, சாமி... கொலைக் கேஸாச்சே! உனக்கு எப்பக் கல்யாணம்?"

"அடுத்த வெள்ளிக்கிழமைங்க." ஜெயசுதாவின் முகம் கண்ணுக்குள் வந்து போயிற்று. "பத்திரமா வேலை பாருங்க" என்று காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள்.

"வாழ வேண்டிய புள்ளை! நான் சொல்றதைக் கேளு. புது லைட்டை எல்லாம் கழட்டு. பழைய மங்கல் லைட்டையே மாட்டு. ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சு ஓடிரு. நான் மூச்சு விட மாட்டேன்."

"பொணம்?"

"அதுபாட்டுக்கு இன்னும் நாலு நாள் அங்கயே இருக்கட்டும்."

"எதுக்குங்க நாலு நாளு?"

"அது... நல்ல நாள் பார்த்து எடுக்கலாம்!"

பயத்தில் இருப்பவனுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும். ராஜதுரை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். குளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் கையை விட்டு, லைட்டின் மேல் திருகைத் தொட்டான்.

நேற்று இதே இடத்தில் இதே மாதிரி படுத்திருந்தான். தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் நனைந்துகொண்டே அவனுக்குக் குடை பிடித்தவர் சின்னுசாமி. 'உங்களுக்குச் சளி பிடிக்கப் போகுதுங்க அண்ணா' என்றதற்கு, 'ஏற்கெனவே பிடிச்சிருச்சுங்க தம்பி' என்று சிரித்தார்.

அந்த மனுஷனையா தண்ணீருக்குள் போட்டுவிட்டு பஸ் ஏறுவது?

"என்னால முடியாதுங்க!" எழுந்து நின்றான். அழுதுவிட்டான். "இருசாயி அக்கா வந்து 'எம் புருஷன் எங்கே'ன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க? நான் போலீசுக்குப் போன் பண்றேன்!"

"இங்க சிக்னல் கெடைக்காதே!"

"தண்ணித் தொட்டி மேல ஏறினா கெடைக்குமுங்க!"

"தம்பி... கண்ணு... நில்லு!"

குணசேகரன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். பட்டன் தெறித்தது. ஏணியில் ராஜதுரை கால் வைத்தான்.

அப்போது...

பனியைக் கிழித்துக்கொண்டு இரண்டு ஹெட்லைட்டுகள்!

போலீஸ் ஜீப்!

சப்-இன்ஸ்பெக்டர் சண்முகப்பிரியா இறங்கினார். அவருடைய ஷூ தரையைத் தொடுவதற்குள் ராஜதுரை அதன் மேல் விழுந்திருந்தான்.

"நான்தானுங்க மேடம் கொன்னேன்! மோட்டாருக்கு நேரா ஒயர் குடுத்துட்டேன்... தெரியாம நடந்து போச்சுங்க! அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணமுங்க!"

"யோவ், எந்திரி! யாரைக் கொன்னே?"

"வாட்ச்மேன் சின்னுசாமியைங்க!"

ஜீப்பின் பின் சீட்டிலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஒட்டடைக்குச்சி இறங்கியது.

"ஏனுங்க தம்பி... என்னைய எப்பங்க கொன்னீங்க?"

"பேயி...!" பொன்னாயி இரண்டாவது கூச்சலைப் போட்டாள். பறந்துகொண்டிருந்த காக்கைகள் பக்கத்து நாட்டுக்கே போய்விட்டன.

"பேயி இல்லக்கா, பசி! காத்தால இருந்து ஸ்டேஷன்ல குந்தியிருக்கறேன்."

"இவர் தோட்டத்துப் பழுத்த மிளகு ஒரு சின்ன மூட்டை காணாமப் போயிருக்கு," என்றார் சண்முகப்பிரியா. "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க மூணு பேரும் இதே புகார். மூட்டையை இழுத்த தடம் இந்தக் காம்பவுண்டு வரைக்கும் வருது. சரி, இவர் உயிரோட இருக்கார்... அப்ப நீ கொன்னது யாரை?"

ராஜதுரை குளத்தைக் காட்டினான்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

சின்னுசாமி மட்டும் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார்.

"இன்னைக்குத்தானுங்க சளி விட்டு மூக்கு தெறந்துச்சு. மேடம், இது பொண நாத்தமே இல்லீங்க! பழுத்த மிளகை மூட்டை கட்டி ஓடைத் தண்ணியில எட்டு நாள் ஊறப் போடுவோம். தோலு அழுகிக் கழண்டு, வெள்ளை மிளகு ஆவும். அப்ப இதே நாத்தம்தான் அடிக்கும்!"

இரண்டு கான்ஸ்டபிள்கள் கொக்கிக் கழியை விட்டு இழுத்தார்கள். மேலே வந்த உருவத்துக்குத் தலை இல்லை. பேண்ட்டின் கால்களும் சட்டையின் கைகளும் கயிற்றால் முடிச்சுப் போடப்பட்டிருந்தன. சண்முகப்பிரியா ஒரு பட்டனைக் கழற்றினார்.

கொட்டியது மிளகு!

ராஜதுரை அப்படியே உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு நாற்றமான ஒன்று இவ்வளவு சந்தோஷம் தரும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"சாக்கோட போடாம எதுக்குப் பேண்ட்டுல போட்டிருக்கு?" என்றார் எஸ்.ஐ.

"சாக்குல அவிங்கவிங்க பேரைப் பெயிண்ட்ல எழுதி வெச்சிருப்போமுங்க. பார்த்தாத் தெரிஞ்சு போயிருமில்ல?" என்றார் சின்னுசாமி.

"இவன்தான் மேடம் திருடன்!" குணசேகரன் பாய்ந்து வந்தார். "திருடிட்டுத் தானே புகாரும் குடுத்து நாடகமாடறான்! பிடிங்க இவனை!"

சின்னுசாமி தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க ஐயா, நான் என்னைக்குங்க பேண்ட்டு போட்டேன்?"

சண்முகப்பிரியா ஈரப் பேண்ட்டின் இடுப்பைத் திருப்பி, உள்ளே தைத்திருந்த துணியை டார்ச் அடித்துப் படித்தார்.

"சைஸ்... நாற்பத்து நாலு!"

ஆறு ஜோடிக் கண்கள் அங்கிருந்த ஒரே தொப்பையின் மேல் போய் நின்றன.

தொப்பை நடுங்கியது.

"என் தோட்டத்துக் கொடியெல்லாம் வாடிப் போச்சுங்க மேடம்..." குணசேகரன் தேம்பினார். "மக கிட்ட வாய்க்கு வந்தபடி பீத்திட்டேன். 'நம்ம தோட்டத்துல வெள்ளை மிளகே விளையுது, சம்பந்தி ஊட்டுக்கே ஒரு மூட்டை தர்றேன்'னு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க. ஓடையில ஊறப் போட்டா ஊரே பார்க்கும். என் குளத்துல... பகல்லயும் பனி மூடிக் கெடக்கும், அந்தப் பழைய லைட்டுல தரையே தெரியாது. அதான்..."

"காவல் காக்கற எம்மடியிலயே கை வெச்சுட்டீங்களே ஐயா!" கோபத்தில் கத்தினார் சின்னுசாமி.

சண்முகப்பிரியா ராஜதுரையைப் பார்த்தார். "அந்த நேர் ஒயரைப் பிடுங்கிட்டியா?"

"மத்தியானமே பிடுங்கிட்டனுங்க மேடம்!"

"இன்னொரு தடவை அந்த வேலை செஞ்சே... உன் மாப்பிள்ளை ஊர்வலம் என் ஜீப்லதான்!"

குணசேகரனை ஏற்றினார்கள். அவர் மடியில் அவருடைய பேண்ட்டையே சாட்சியாக வைத்தார்கள். சொட்டச் சொட்ட அதை அணைத்துக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடி, ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"தம்பி! அந்தப் பாழாப் போன லைட்டையாச்சும் அணைச்சுத் தொலை!"

ராஜதுரை எல்.இ.டி. டப்பாவைத் தூக்கிக் காட்டினான்.

"எரியட்டுமுங்க ஐயா! அம்பதாயிரம் மணி நேரம் எரியும்னு போட்டிருக்கான்... நீங்க திரும்பி வர்ற வரைக்கும் தாங்கும்!"