இரண்டு தாளில் எரிந்த அடுப்பு

"என்னோட பேப்பர எனக்குக் காட்டுங்க."

தேர்வு எழுதியவர்கள் வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தை அது. அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்த தங்கராஜு வாத்தியாரும் அதையே சொன்னார். "தொரைமாருங்க சட்டத்துல போயி வாயக் குடுக்காதடி" என்று அம்மா செல்லம் விடியற்காலையில் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நீலாவதி தேயிலைத் தோட்டத்திலிருந்து தானா ராத்தா டவுனுக்கு இறங்கி வந்தாள். வந்ததும் தேர்வுக் குழுச் செயலாளர் சுப்பிரமணியத்தின் மேசைமுன் நின்று முதல் வார்த்தையாக அதைத்தான் கேட்டாள்.

சுப்பிரமணியம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காப்பியடிச்சவளுக்குப் பேப்பர் வேற காட்டணுமா?"

"நான் காப்பியடிக்கல."

"ரெண்டு கட்டுரையும் வரிக்கு வரி ஒண்ணு. அந்தப் பொண்ணு கான்வெண்ட்டுல படிச்சது. பெரிய கிராணியோட மக. அது ஒன்னப் பாத்தா எழுதும்? கூலிக்காரங்க லயத்துல இருந்துக்கிட்டு எங்க வந்து என்ன பேசற? வெளிய போ."

அவர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தோட்ட ஆபீசில் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி ஒருவர்தான், அவருக்கு மகளும் ஜெயா ஒருத்திதான்.

அது எழுபத்தாறாம் ஆண்டு. இங்கிலாந்து மருத்துவமனை ஒன்று தாதிப் பயிற்சிக்குப் பெண்களை எடுத்தது. இடமும் சாப்பாடும் தந்து மூன்று வருடம் படிக்க வைப்பார்கள். அதற்கு முதலில் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். ஜூன் மாதத் தேர்வை ஐம்பத்திரண்டு பேர் எழுதினார்கள். ஜெயா தேறினாள். நீலாவதிக்கு மட்டும், கட்டுரை களவாடப்பட்டது என்பதால் தேர்வு ரத்து, இனி எந்நாளும் எழுத முடியாது என்று கடிதம் வந்தது.

வெளியே காய்கறி லோரியின் மட்கார்டில் சாய்ந்து நின்றிருந்தான் வீரப்பன். பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து சரக்கு ஏற்றிப் போகிறவன். முட்டைக்கோஸ் சுற்ற வாங்கும் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டிலிருந்து இரண்டு வருடமாக வாரத்துக்குப் பத்துத் தாள் உருவி நீலாவதிக்குக் கொடுத்து வந்தவனும் அவன்தான். அவள் தேறினால் பெருமையில் பாதி தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"என்னா சொன்னான்?"

"வெளிய போன்னான்."

"ஏறு. சார்ஜன் அண்ணன்கிட்டப் போவோம். போலீஸ்ல இருந்தப்ப செத்தவனையே பேச வச்ச ஆளு லா!"

ஓய்வுபெற்ற சார்ஜன் சின்னையா கோஸ் பாத்தியில் குந்தி, இலையைப் புரட்டிப் புரட்டிப் புழுப் பொறுக்கிக் கொண்டிருந்தார். நீலாவதி சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. புழுக்களை ஒரு பால் டின்னில் போட்டு மூடிவிட்டுத்தான் பேசினார்.

"எங்க ஒக்காந்திருந்த?"

"மொத வரிசை. செவுத்தோரம்."

"அந்தப் பொண்ணு?"

"கடைசி. எட்டாவது வரிசை."

"நடுவுல வெளிய போனீங்களா?"

"யாரையும் விடல. மூணு மணி நேரமும் ஒரே எடத்துல."

"கட்டுரைத் தலைப்பு?"

"காலை ஆறு மணிக்கு என் வீடு."

"புதுத் தலைப்பா?"

"இல்லங்க. பயிற்சிக்கு வாத்தியாரு இருபது தலைப்பு குடுத்தாரு, அதுல ஒண்ணு. பிப்ரவரியில எழுதிக் குடுத்தேன். நல்லாருக்குன்னு திருத்தறதுக்கு நோட்ட வாங்கி வச்சாரு. ஏப்ரல்ல அப்பா தவறிட்டாரு. மூணு வாரம் நான் வகுப்புக்குப் போகல. அப்பறம் போயி நோட்டக் கேட்டா, காணோம்னுட்டாரு. வேற நோட்டு போட்டுக்கிட்டேன்."

"அப்பா என்ன வேலை?"

"கவ்வாத்து. செடி வெட்டறது."

"தேர்வுல அதையே எழுதினியா?"

"அதேதான். ரெண்டு மூணு வரி மாத்தினேன்."

எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. வீரப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. "மேற்பார்வைக்கு நின்னவன கிராணி கையில போட்டுக்கிட்டான் அண்ணே! இவ பேப்பர எடுத்துக் கடைசி வரிசைக்குக் காட்டிருக்கான்!"

"மூணு மணி நேரமுமா காட்டிக்கிட்டு நின்னான்? மத்த அம்பது பேரும் கண்ண மூடிக்கிட்டா இருந்தாங்க?" சின்னையா அடுத்த செடிக்கு நகர்ந்தார். "ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலை அவர் தேர்வுக் குழு அலுவலக வராந்தாவில் போய் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "பேப்பர் பாக்கணும். அவசரம் இல்ல" என்றார். சாயங்காலம் எழுந்து போனார். அடுத்த நாளும் வந்தார். வருகிறவன் போகிறவனெல்லாம் "என்னா சார்ஜன், இங்க என்னா கேசு?" என்று விசாரிக்க ஆரம்பித்தான். ஐந்தாம் நாள் சுப்பிரமணியத்தால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் காட்டுவதாக ஒப்புக்கொண்டார். ஜெயாவும் தங்கராஜு வாத்தியாரும் அப்போது இருக்க வேண்டும் என்று சின்னையா கேட்டதற்கும் தலையாட்டினார்.

சனிக்கிழமை மூடுபனி கதவிடுக்கு வழியாக அறைக்குள்ளேயே வந்துவிட்டது. ஜெயா புதுக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். இங்கிலாந்துக் குளிருக்கு வாங்கியதாக இருக்கும். வாத்தியார் குடையை மடக்கவும் விரிக்கவுமாக இருந்தார். வீரப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். இரண்டு விடைத்தாள்களும் மேசைமேல் இருந்தன.

"மொதல்ல ஒண்ண முடிச்சிருவோம்," என்றார் சின்னையா. "நீலா மொத வரிசை. ஜெயா எட்டாவது வரிசை. முன்னால இருக்கறவ பின்னால இருக்கறவளப் பாத்து எழுத முடியுமா, செக்ரெட்டரி?"

"எப்படியோ எழுதியிருக்கா."

"எப்படியோங்கறது சட்டத்துல இல்லீங்க. சரி, பின்னால இருந்தவ முன்னால பாத்தாளா? நான் போயி அளந்து பாத்தேன். முப்பதடி. அங்கருந்து கையெழுத்தப் படிக்கணும்னா கழுகுக்குத்தான் முடியும். ஆக, அந்த அறையில யாரும் யாரையும் பாத்து எழுதல. களவு நடந்தது உண்மை. நடந்த எடம் அது இல்ல."

வீரப்பனின் வாய் திறந்தபடி நின்றது.

"நீலா, ரெண்டையும் படிச்சுப் பாரு. எங்க வித்தியாசம் இருக்குன்னு மட்டும் சொல்லு."

நீலாவதி தன் தாளைத் தொடவில்லை. அதில் இருப்பது அவளுக்கு மனப்பாடம். ஜெயாவின் தாளை எடுத்தாள். சங்கு ஊதுவது, பனியில் லயத்து விளக்குகள் வரிசையாக எரிவது, தண்ணீர்க் குழாயில் பெண்கள் சண்டை, எல்லாம் அவளுடைய வரிகள். ஆறாவது வரிக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"எங்கள் வீட்டில் முதலில் எழுவது அப்பா. இருமிக்கொண்டே அடுப்பை ஊதுவார். அம்மாவை எழுப்ப மாட்டார். தேநீர் கொதிக்கிற வரைக்கும் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவார்."

"ஒன் பேப்பர்ல?"

"மொதல்ல எழறது அம்மான்னு இருக்கும். கத்தி இருக்காது."

"காப்பின்னு தெரியாம இருக்க மாத்திருக்கா," என்றார் சுப்பிரமணியம்.

சின்னையா ஜெயாவிடம் திரும்பினார். "ஏம்மா, ஒங்க வீட்ல காலையில அடுப்பு யாரு பத்த வைக்கிறது?"

"கேஸ் அடுப்பு," என்றாள் ஜெயா மெதுவாக. "வேலைக்காரம்மா வருவாங்க."

"ஒங்கப்பா கத்தி தீட்டுவாரா?"

வீரப்பன் சிரித்துவிட்டான். "கிராணியா? அவரு பென்சில் சீவறதுக்கே ஆபீஸ் பையனக் கூப்பிடுவாரு லா!"

"அப்ப இந்தப் பேப்பர்ல அடுப்பு ஊதறது யாரோட அப்பா?" சின்னையா தாளைத் தட்டினார். "நீலாவோட அப்பா. பிப்ரவரியில உயிரோட இருந்தாரு, ஊதினாரு. அவ நோட்டுல அப்படி எழுதினா. ஏப்ரல்ல செத்துட்டாரு. ஜூன்ல தேர்வு எழுதறப்ப அந்த எடம் வந்ததும் அவளால எழுத முடியல, அம்மாவ எழுப்பிட்டா. ஜெயா ஜூன்ல எழுதினதுல மனுஷன் இன்னும் ஊதிக்கிட்டு இருக்காரு. ஏன்? அவ பாத்தது நீலாவோட தேர்வுப் பேப்பர் இல்ல. பிப்ரவரி நோட்டு. அந்த நோட்டு யாருகிட்ட இருந்துச்சு?"

குடை விரிந்து மடங்கும் சத்தம் நின்றது.

"கிராணி ஐயா கேட்டாரு," என்றார் தங்கராஜு வாத்தியார். "மகளுக்குக் கட்டுரை வரமாட்டேங்குதுன்னாரு. நல்ல கட்டுரைய நாலு பேரு மனப்பாடம் பண்றது நம்ம வழக்கந்தான? எத்தன வருஷமா அப்படித்தான் புள்ளைங்கள பாஸ் பண்ண வக்கிறேன். திருட்டுன்னே எனக்குத் தோணல சார்ஜன்."

"அப்ப ஏன் நோட்டு காணோம்னீங்க?" என்றாள் நீலாவதி.

வாத்தியார் தரையைப் பார்த்தார். "அப்பா போயிட்டாரு. இனிமே நீ எங்க தேர்வு எழுத வரப்போறன்னு நெனச்சேம்மா. கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருவேன்னு நெனச்சேன். நல்ல கட்டுரை வீணாப் போகுதேன்னு..."

அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது நீலாவதிக்கு. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கற்றுக் கொடுத்த மனிதர் அவர். இத்தனை நாளும் அவள் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

"நீலா, ஒன்னோடதுன்னு எனக்குத் தெரியாதுடி," என்றாள் ஜெயா. கண் கலங்கியிருந்தது.

"தெரியாது. சரி. அடுப்பு ஊதற அப்பா ஒனக்கு எங்கடி இருக்காருன்னு ஒரு தடவ கூடவா யோசிக்கல? எங்கப்பன் செத்ததுக்கு நீயும்தான வாசல்ல வந்து நின்ன?"

ஜெயா கம்பளிச் சட்டையின் நுனியை முறுக்கினாள்.

சுப்பிரமணியம் தாள்களை மடித்து உறையில் போட்டார். அவர் குரல் இப்போது மாறியிருந்தது. கடைக்காரன் குரல் மாதிரி இருந்தது.

"பாரும்மா. நடந்தது நடந்துபோச்சு. ஒரே மாதிரி ரெண்டு பேப்பர் இருந்தா, காரணம் எதுவா இருந்தாலும் ரெண்டும் ரத்து, ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் தடை. அதுதான் சட்டம். பாவம்னு ஒரு பேப்பர மட்டும் தள்ளினோம். இப்ப ஆஸ்பத்திரிக்கு உண்மைய எழுதுனா ஜெயா பேப்பரும் போயிரும். ஒனக்கு ஒண்ணும் வரப்போறதில்ல. ஜெயா பேரு இங்கிலாந்துக்குப் போயாச்சு, டிக்கெட்டு கூட எடுத்தாச்சு." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அறியாம செஞ்சிட்டேன், புகார் ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போடு. தடைய எடுக்கச் சொல்லிச் சிபாரிசு பண்றேன். அடுத்த வருஷம் எழுது."

"போட்டுரு தங்கச்சி!" வீரப்பன் பாய்ந்து உள்ளே வந்தான். "பத்திரிகை நான் தர்றேன். பத்து என்ன, இருபது தாள் தர்றேன்!"

நீலாவதி சின்னையாவைப் பார்த்தாள். அவர் அந்தத் தாளை எடுத்து ஒருமுறை படித்தார்.

"களவு யாருதுன்னு கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லம்மா. கையெழுத்துப் போட்டா, நீ காப்பியடிச்சதா நீயே ஒத்துக்கிட்ட தாள் ஒண்ணு ஆயுசுக்கும் இவங்க ஃபைல்ல இருக்கும். அத வச்சுக்கிட்டு ஒன்ன எவன் எடுப்பான்? போடலேன்னா கதவே இல்ல. ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போவுது."

"அப்ப உண்மைய எழுதுங்க," என்றாள் நீலாவதி, சுப்பிரமணியத்திடம்.

"என்ன?"

"நடந்தத எழுதுங்க. ரெண்டு பேப்பரும் போகட்டும்."

"நீலா!" ஜெயா எழுந்துவிட்டாள். "அப்பா என்னக் கொன்னுருவாரு..."

"ஒனக்குத் திட்டறதுக்காச்சும் அப்பா இருக்காரு."

"ஒனக்கென்ன லாபம் இதுல?" சுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றினார். "பொறாமையில பேசற. யாரு எழுதப்போறா? நானா? என் குழுவோட பேர நானே கெடுத்துக்கணுமா?"

"நீங்க வேண்டாம். ஆஸ்பத்திரி விலாசம் விண்ணப்பத்துல இருந்துச்சு. நானே எழுதறேன்."

"இங்கிலீஷ்லயா?" என்று கேட்டுவிட்டார் சுப்பிரமணியம், பழக்க தோஷத்தில்.

நீலாவதி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் யோசிம்மா," என்றார் வாத்தியார். "கோவத்துல முடிவெடுக்காத."

"ஆறாவது வரியப் படிச்சப்பவே எடுத்துட்டேன் சார்."

மேசைமேல் சுப்பிரமணியம் நீட்டி வைத்த பேனா அப்படியே கிடந்தது. நீலாவதி வாசலுக்கு நடந்தாள். வீரப்பன் வழிவிடாமல் நின்றான். அவன் முகம் அழுகிற பிள்ளையின் முகமாக இருந்தது. அவள் அவன் கையை மெல்ல விலக்கினாள். சனிக்கிழமை தபால் நிலையத்தைப் பகல் பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுவார்கள். தாளும் உறையும் வாங்க வேண்டும், எழுத வேண்டும், இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

"அடுத்த வருஷம் லா தங்கச்சி, அடுத்த வருஷம்..." என்று வீரப்பன் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தான்.

எழுதப்போகும் கடிதத்தின் முதல் வாக்கியம் அதற்குள் அவள் மனதில் முழுசாக வந்துவிட்டது. பிழை ஏதும் இல்லை என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, பனிக்குள் வேகமாக நடந்தாள்.