முன் இருக்கை

சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபோது அவளுடைய கால் தரையைத் தொடவில்லை.

காலையில்தான் அந்த இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்கி, கை வலிக்க முறுக்கிப் பூட்டியிருந்தாள். இப்போது அது மறுபடி மேலே நின்றது. செத்துப்போன அவள் கணவனின் உயரத்தில்.

"என்ன அண்ணி?" பின் இருக்கையிலிருந்து சின்னவன் கேட்டான்.

"சீட்டு ஏறிக்கிச்சுடா. சரியா முறுக்கல போல."

சரியாக முறுக்காத சீட்டு இறங்கும். ஏறாது. அது அவளுக்கும் தெரியும். பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து, சீட்டை இறக்கி, முன்பைவிட இறுக்கமாக முறுக்கினாள்.

இருவர் மிதிக்கும் நீளமான சைக்கிள் அது. சின்னவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தம்பிக்குக் காற்று முகத்தில் அடிக்க வேண்டும், வேகம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும் என்று அவள் கணவன் தேடிப் பிடித்து வாங்கியது. முன்னால் இருப்பவர் கையில் ஹேண்டில்பாரும் பிரேக்கும். பின்னால் இருப்பவருக்கு மிதிக்கும் வேலை மட்டும். இரண்டு ஜோடி மிதிகளையும் ஒரே சங்கிலி இணைத்திருந்தது. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் கூடவே சுற்றும். ஞாயிறு தவறாமல் அண்ணனும் தம்பியும் ஆற்றோரப் பாதைக்குக் கிளம்பிவிடுவார்கள். சேறும் சிரிப்புமாகத் திரும்பி வந்து சமையலறையில் இருப்பதையெல்லாம் காலி செய்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, சின்னவன் மட்டும் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தொலைபேசி மேசை, விட்டால் தன் அறை. ஒரு சட்டை வேண்டும், ஒரு டீ வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று தலை நிமிர்ந்தான். "அண்ணி, ஒரே ஒரு தடவை என்னை ஆத்தோரமா கூட்டிட்டுப் போறீங்களா?" அவளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

பாதையின் வாயிலில் கார்கள் நுழையாதபடி இரும்புக் குழாய்களை நட்டிருந்தார்கள். அவற்றைத் தாண்டியதும் ஊரின் இரைச்சல் கதவைச் சாத்தியதுபோல நின்றது. அது பழைய ரயில் தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சரளைக்கல் கொட்டி நிரவியிருந்தார்கள். மேடில்லை, பள்ளமில்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையான புல்வெளி. வலது பக்கம் ஆளுயர நாணலுக்குப் பின்னால் ஆறு சத்தமில்லாமல் கூடவே வந்தது. சாயங்கால வெயில் புல்லின் நுனியில் மட்டும் மிச்சமிருந்தது. ஈர மண்ணின் வாசனையும் அழுகிய இலைகளின் வாசனையும் மாறி மாறி வர, டயருக்கடியில் சரளை ஒரே சீராக, யாரோ வாய் மூடாமல் எதையோ மெல்லுவதுபோல நொறுங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா ஓட்டுறீங்க அண்ணி. கண்ணாடிக் கடைய விட்டுட்டு இதுக்கே வந்துடலாம்."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். "உனக்கு என்னடா கடை மேல அவ்வளவு கோபம்?"

"ஊருக்கே கண்ணாடி விக்கிறீங்க, வீட்டுல இருக்கற ஒருத்தனுக்கு விக்க முடியல. என்ன வியாபாரம் பண்றீங்களோ!"

அவள் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியதும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து சின்னவனின் குரல் வந்தது.

"அண்ணி, அன்னைக்கு நடந்ததை நான் உங்ககிட்ட முழுசா சொல்லல."

அவள் திரும்பவில்லை. ஓட்டுகிறவளால் திரும்ப முடியாது.

"பழைய பாலம் இருந்த இடத்துக்கிட்ட வரும்போது நான் ஒரு ஜோக் சொல்லிட்டிருந்தேன். அண்ணன் சிரிக்கல. புரியலையோன்னு மறுபடியும் சொன்னேன். மிதிச்சுக்கிட்டே சொன்னேன் அண்ணி. அப்பவே நெஞ்சு நின்னு அண்ணன் போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு செத்த மனுஷனை வச்சு மிதிச்சுட்டு, ஜோக் சொல்லிட்டு..."

"போதும்டா."

"என் காலுதான் அவர் காலை சுத்தவச்சிருக்கு."

காற்று கண்ணில் பட்டதால்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ராத்திரிகளில் காலியான பாதிக் கட்டிலைத் தடவிக்கொண்டு அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை வாங்க. எப்படி வேணும்னாலும் வாங்க. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆற்றிலிருந்து பனி எழுந்தது. முதலில் நாணலின் காலடியில், பிறகு புல்வெளி முழுக்க, பால் சிந்தியதுபோல. வெளிச்சம் வற்றியது. சைக்கிளின் வேகம் கூடியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கால்கள் லேசாக இருந்தன. அவள் அழுத்துவதற்கு முன்பே மிதி கீழே இறங்கியது.

"மெதுவாடா. இவ்வளவு வேகம் வேண்டாம்."

"நானா? நான் கால எடுத்து ரொம்ப நேரமாச்சு அண்ணி. முட்டி வலிக்குதுன்னு சட்டத்து மேல வச்சிருக்கேன். நீங்கதானே மிதிக்கிறீங்க?"

அவள் தன் கால்களைப் பார்த்தாள். அவை சுற்றிக்கொண்டிருந்தன. அவள் மிதிக்கவில்லை. மிதி அவள் பாதங்களைத் தூக்கியது, இறக்கியது, தூக்கியது. நிதானமாக. பழகிய கால்களின் நிதானம்.

"அண்ணி, தைலம் தேச்சிருக்கீங்களா?"

அவளுக்கும் அந்த வாசனை வந்தது. சைக்கிள் எடுக்கும் முன் கணவன் முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலம். புட்டியை அவளே குப்பையில் போட்டிருந்தாள்.

பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் உடனே நிற்கவில்லை. மனமில்லாததுபோல, சரளையை உழுதுகொண்டு போய்த்தான் நின்றது. அவள் காலை ஊன்றினாள். கால் காற்றில் துழாவியது. சைக்கிளோடு சாய்ந்தவளைச் சின்னவன் இரண்டு காலையும் ஊன்றித் தாங்கிக்கொண்டான்.

சீட்டு மேலே இருந்தது.

"இறங்கிடலாமா அண்ணி? உங்களுக்கு மூச்சு வாங்குது."

"ஒண்ணுமில்ல. நீ அப்படியே பிடிச்சுக்கோ. ஒரு நிமிஷம்."

அவனைப் பயமுறுத்தக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. இறங்கி, பையைத் திறந்து, சாவியை எடுத்தாள். சாவி நழுவிச் சரளையில் விழுந்தது. குனிந்து தடவினாள். கல். ஈரம். கல். அதைத் தேடித் தேடி இரண்டடி நகர்ந்திருப்பாள்.

முதுகுக்குப் பின்னால் சரளை நொறுங்கியது.

திரும்பினாள்.

சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. பின் இருக்கையில் சின்னவன், வழக்கம்போல முகத்தைச் சற்று உயர்த்தி, காற்றை வாங்கிக்கொண்டு. முன்னால் யாரும் இல்லை. ஹேண்டில்பார் ஆடவில்லை. முன் மிதிகள் இரண்டும் சுற்றின.

"கிளம்புறதா சொல்லக்கூடாதா அண்ணி? ஊனியிருந்த கால அவசரமா தூக்கவச்சுட்டீங்களே!" அவன் முன்னால் பார்த்துச் சிரித்தான்.

"சின்னவா! குதி! கீழ குதி!"

சிரிப்பு நின்றது. அவன் தலை மெல்லத் திரும்பியது. குரல் எங்கிருந்து வருகிறது என்று அவன் காதுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அண்ணி... பின்னாலயா இருக்கீங்க?"

அவள் ஓடினாள். சரளை காலை வாரியது. விழுந்தாள். எழுந்தாள். பிரேக் முன்னால்தான் இருக்கிறது. அவனுக்கு எட்டாது.

"அப்ப முன்னால யாரு?"

அவன் ஒரு கையை நீட்டினான். முன் இருக்கைக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு முதுகு இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கை தயங்கியது. பிறகு பதிந்தது. உள்ளங்கை விரிந்து, எதன் மேலோ நன்றாகப் பதிந்து நின்றது.

"அண்ணா?"

சின்னக் குழந்தை கேட்பதுபோலக் கேட்டான். அதற்கு என்ன பதில் வந்ததோ, அவளுக்குக் கேட்கவில்லை. அவன் மட்டும் தலையை ஆட்டினான். குதிக்கவில்லை. மிதிக்கத் தொடங்கினான்.

"இவ்வளவு நாளா நான்தான கூப்பிட்டேன்," என்று அவள் ஓடிக்கொண்டே கத்தினாள். "நான்தானங்க கூப்பிட்டேன்!"

முன்னால் பாலம் இருந்த இடம். பாலத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். பாதை அங்கே இடது பக்கம் திரும்பிக் கரையோடு போகும். நேராகப் போனால் கட்டைத் தடுப்பு, அதற்கப்பால் செங்குத்தாக ஆறு. பனிக்குள் சைக்கிள் வளைவை அடைந்தது. வளையவில்லை.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். மரம் முறியும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். தண்ணீரின் சத்தத்துக்கு.

வரவில்லை.

தட்டுத் தடுமாறி வந்து தடுப்பைப் பிடித்தாள். ஒரு கட்டைகூட உடையவில்லை. பனி படிந்து, கைக்குச் சில்லென்று இருந்தது. கீழே ஆறு கறுப்பாக, ஒரு சுழிப்பும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு நேர் மேலே, பாதை இருந்த அதே மட்டத்தில், எதுவுமே இல்லாத இடத்தில் சின்னவனின் முதுகு தெரிந்தது. கை இன்னும் நீண்டபடியே இருந்தது. கால்கள் சுற்றின. அவனுக்கு முன்னால் இன்னொரு ஜோடி மிதிகள், அவனோடு ஒரே தாளத்தில். பனி முதலில் அந்த மிதிகளை மூடியது. அடுத்து கையை. கடைசியாக முதுகை.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. தண்ணீருக்கு மேலே, டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்க நொறுங்க, அவசரமே இல்லாமல், அது அக்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.