கை காட்டுபவன்

பத்து நிமிடமாகக் கணவன் கத்தவே இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

வீட்டுக்குக் கீழே அவள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதே "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று நாலு மாடிக்கும் கேட்கக் கூச்சல் போடுகிறவன். இப்போது வாயே திறக்காமல் ஜீப்புக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். மூடுபனிக்குள் சாம்பல் நிற மழைக்கோட்டு மங்கலாகத் தெரிந்தது. தலைக்கு மேல் தூக்கிய வலது கை மட்டும் வா, வா என்று அசைந்தபடியே இருந்தது.

இந்தப் பயணமே அவன் ஆசைதான். அரசாங்கக் காடு, யாரும் ஓட்டலாம், உயிருக்கு அவரவரே பொறுப்பு என்று நுழைவாயில் பலகையில் எழுதியிருந்தது. பாதி வழியில் முழங்கால் வலி என்று ஸ்டியரிங்கை அவள் தலையில் கட்டினான். ஓடையில் பின்சக்கரம் புதைந்தது. அடியில் கல் வைத்து, கிளட்ச் கருகும் நாற்றம் மூக்கில் ஏற, இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டதில் ஒரு மணி நேரம் போயிற்று. ஒருவழியாகக் கரையேறியபோது முன்னால் அந்தக் கை தெரிந்தது. பின்தொடர்ந்தாள். வைப்பர் கிறீச்சிட, அடித்தட்டில் கற்கள் மோத, ஈரச் சருகின் புளித்த வாடையோடு பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

கண்ணாடியை இறக்கினாள். "ஏங்க, போதும். திரும்பிடலாம்."

கை அசைந்தது.

"காதுல விழுதா இல்லையா?"

ஹாரன் அடித்தாள். கை அசைந்தது. அப்போதுதான் கவனித்தாள். அவன் நொண்டவில்லை.

எரிச்சலில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாள். இடைவெளி குறையவில்லை. இன்னும் கொஞ்சம். அதே இடைவெளி. பிரேக் போட்டாள். அவனும் நின்றான்.

பின்கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள்.

பக்கக் கதவு திறந்தது. முழங்கால் வரை சேறும் மேல்மூச்சுமாகக் கணவன்.

"எத்தனை தடவை கத்துறது? சக்கரத்துக்கு வெச்ச கல்லைத் தள்ளிப் போட்டுட்டு நிமிர்றதுக்குள்ள நீ பாட்டுக்குக் கிளம்பிட்டே. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடி வரது?"

அவள் முன்னால் விரல் நீட்டினாள்.

அவன் பார்த்தான். அவன் கை அவள் தோளை இறுகப் பிடித்தது.

"ரிவர்ஸ் போடு," என்றான். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

கியர் விழவில்லை. கரகரத்தது. மறுபடி. விழவில்லை.

காற்று அடித்தது. பனி விலகியது. முன்சக்கரங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் பாதை முடிந்திருந்தது. அதற்கப்பால் தரை இல்லை. அந்த வெட்டவெளியில், எதன் மேலும் கால் ஊன்றாமல், அந்த மழைக்கோட்டுக்காரன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஒரு பெண். இன்னும் பலர். எல்லாருடைய வலது கையும் தூக்கியிருந்தது.

தோளிலிருந்த பிடி தளர்ந்தது.

திரும்பினாள். கணவன் இமைக்காமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை, மெல்ல, தலைக்கு மேல் எழுந்துகொண்டிருந்தது.