அடி அண்ணாமலையில் காலை 7.05

காலை 9.31.

சாமந்திச் சரம் சுற்றிய கம்ப்யூட்டருக்கு முன்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள். கற்பூரப் புகை இன்னும் அடங்கவில்லை. வேதா மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத்தினாள். திரையில் வெள்ளை வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வெள்ளைதான், மார்கழிப் பனியைக் கண்ணாடிக்குள் ஊற்றி வைத்த மாதிரி.

"வரும், வரும், கொஞ்சம் நேரமாவும்," என்றார் ஜவுளிக்கடைக்காரர். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம்.

வரவில்லை. இணையதளத்தின் ஒன்பது பக்கத்தையும் யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

2005, தை மாதத்து வெள்ளிக்கிழமை. திருவண்ணாமலை பெரிய தெருவில், மாடியில் இருக்கிறது 'வேதா நிதிச் சேவை'. காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு, அஞ்சலகச் சேமிப்பு எல்லாம் அங்கே ஒரே மேஜையில் நடக்கும். கணவர் போனபின் ஆறு வருஷமாக வேதா ஒருத்தியே தூக்கி நிறுத்திய கடை. அதற்கு எட்டாயிரம் ரூபாயில் இணையதளம் கட்டிக் கொடுத்தவள் ஓவியா. வயது இருபத்துமூன்று, ஊர் கீழ்பென்னாத்தூர், செங்கம் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை. முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'வடிவமைப்பு: ஓவியா' என்று போட்டிருந்தாள். எட்டாயிரத்தைவிட அந்த ஒரு வரிதான் அவளுக்குப் பெரிது. திறப்புக்கு வந்திருந்த பதினெட்டுப் பேரும் கடைக்காரர்கள். அதில் நாலு பேர் 'எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடும்மா' என்று சொல்லிவிட்டால் சொந்தமாக ஓர் அறை பிடித்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவள். இப்போது அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"எட்டாயிரத்துக்கு எட்டாயிரம் மாதிரிதான் இருக்கும், அண்ணி," என்றார் ராமகிருஷ்ணன். வேதாவின் கொழுந்தனார், அதே ஆபீஸில் வேலை பார்ப்பவர். "பாஸ்வேர்டு யார் கைல இருக்குது? இவ கைல. இனிமே மாசாமாசம் இவ்ளோ குடுத்தாதான் திறப்பேன்னு சொல்லுவா, பாருங்க."

ஓவியா பையைத் திறந்தபடி கம்ப்யூட்டர் பக்கம் போனாள். வேதா குறுக்கே கையை நீட்டினாள். "தொடாத. போலீஸ் வரட்டும். ஆபீஸ் சாவியைக் குடு."

'தொடாத' என்ற அந்த ஒரு சொல் ஓவியாவைச் சுட்டுவிட்டது. சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றாள்.

காலை 10.10.

வந்தவள் உதவி ஆய்வாளர் உண்ணாமலை. ஸ்டேஷனில் அவளுக்கு 'மலை பாக்கற மேடம்' என்று பேர். விசாரணை நடுவில் கண் எங்கேயாவது போய்விடும். அவள் தூங்கிவிட்டாள் என்றே எதிரில் இருப்பவர் நினைப்பார். அப்படி நினைத்து வாயை விட்டவர்கள் நிறையப் பேர்.

இன்றும் நேரே சன்னலுக்குத்தான் போனாள். பெரிய தெருவில் எந்த மாடியில் நின்றாலும் காலையில் மலை அப்படித்தான் தெரியும். வெயில் நெஞ்சில் விழுந்து, பாறை பாறையாக எண்ணலாம் போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சென்னைக்குப் போன் போட்டாள். தளத்தைத் தன் கம்ப்யூட்டரில் வாடகைக்கு வைத்திருக்கிற கம்பெனி சொன்னது: காலை 7.08க்கு எல்லாப் பக்கமும் அழிந்திருக்கிறது. இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரோ 7.03க்கு இணையத்தில் ஏறியிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி மூன்று: வேதா, ராமகிருஷ்ணன், ஒரு வாரமாக ஓவியா.

"பாஸ்வேர்டு?"

வேதா தயங்கினாள். மானிட்டரின் பின்பக்கத்தைக் காட்டினாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் முதுகில் பெரிய எழுத்தில் எழுதி, டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"மறந்துடுவேன்னு எழுதி வெச்சேன், மேடம்."

"நல்லாத்தான் ஒளிச்சு வெச்சிருக்கீங்க. ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்ல. கேசரி கிண்டிக்கிட்டு. பக்கத்து வீட்டு ரேவதி கூடவே இருந்தா."

"நீ எங்கம்மா?"

"பஸ்ல," என்றாள் ஓவியா. "கீழ்பென்னாத்தூர்லேர்ந்து. கூட்டம். நின்னுக்கிட்டுதான் வந்தேன்."

"டிக்கெட்?"

"தூக்கிப் போட்டுட்டேன், மேடம்." பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நான் கட்டினதை நானே எதுக்கு மேடம் இடிப்பேன்?"

உண்ணாமலை ராமகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள்.

"நான் அடி அண்ணாமலைல இருந்தேன்," என்றார் அவர். பையிலிருந்து கைக்கடக்கமான டிஜிட்டல் கேமராவை எடுத்து, பின்பக்கத் திரையை நீட்டினார். "முதல் பக்கத்துல மலைப் படத்துக்கு இடம் காலியா வெச்சிருந்துச்சு இந்தப் பொண்ணு. சரி, விடியற நேரத்துல மலைக்கு அந்தாண்ட போய் ஒண்ணு எடுத்துக் குடுப்போம்னு பைக்குல போனேன். நல்லது பண்ணப் போனவன் நான்."

படம் அழகாகவே இருந்தது. அடி அண்ணாமலைக் கோயில் கோபுரம் ஓரத்தில். பின்னால் மலை, அடி முதல் உச்சி வரை பொன் பூசி நின்றது. மூலையில் ஆரஞ்சு எழுத்து: 28.01.2005, 7.05. அடி அண்ணாமலையில் 7.05க்கு நின்றவன், ஏழெட்டு கிலோமீட்டர் தாண்டிப் பெரிய தெருவில் 7.08க்கு இருக்க முடியாது.

"நல்ல கை, சார் உங்களுக்கு," என்றாள் உண்ணாமலை, நிஜமாகவே.

அவர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபேக்ஸ் தாளையும் எடுத்து நீட்டினார். "அப்பவே சொன்னேன், வெப்சைட்டு கட்டறதுக்குச் சென்னைக் கம்பெனிதான் சரின்னு. இதோ அவங்க குடுத்த விலை. எண்பத்தஞ்சாயிரம். இன்னிக்கே முன்பணம் கட்டினா பத்து நாள்ல முடிச்சுடுவாங்க."

உண்ணாமலை தாளை மேலிருந்து கீழே படித்தாள். உச்சியில் பொடி எழுத்து: 27.01.2005, மாலை 3.10. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆறு மணிக்கு எல்லாரையும் திரும்ப வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் வேதா. "சொல்றதுக்கு எனக்கு ஒரு பதில் வேணும். இல்லைன்னா இந்தப் பொண்ணு மேல எழுதிக் குடுத்துடுவேன்."

பகல் 3.30.

ஓவியா வந்ததாக நினைவில்லை என்று பஸ் கண்டக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஓவியா கழுத்துக்கு மேல் தொங்கிய கத்தி அங்கேயேதான் இருந்தது. உண்ணாமலை ஸ்கூட்டியை அடி அண்ணாமலைக்கு விட்டாள். மத்தியானத் தூக்கம் ஊர் முழுக்கப் படர்ந்திருந்தது. கிரிவலப் பாதையில் ஒரு சாமியார் புளியமரத்தடியில் படுத்திருந்தார், நாய் ஒன்று அவர் காலடியில். மலை அரைக் கண் மூடியது போல மங்கலாக இருந்தது.

டீக்கடை தனம் வாசலில் வேர்க்கடலை காய வைத்திருந்தாள்.

"காலைல பைக்குல ஒருத்தர், கேமராவோட. பாத்தியாக்கா?"

"இன்னா மேடம் நீங்க. சுத்தறவங்க நூறு பேரு போறாங்க. அடுப்பைப் பாப்பேனா, ஆளைப் பாப்பேனா?" தனம் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கடலையைக் கையால் புரட்டினாள். "இதுவே இன்னும் ஈரம் போவல. தை மாசத்துல எட்டு மணி வரைக்கும் எங்க ஊருக்கு வெயிலே கெடையாது. அப்புறம் எங்க காயறது?"

உண்ணாமலையின் டீ பாதியிலேயே நின்றது. பிறகு அவள் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். மேடம் தூங்கிவிட்டாள் என்று தனம் நினைத்தாள். நாலரை ஆனது, ஐந்து ஆனது. பொழுது மேற்கே சாயச் சாய, எதிரில் மலை மெல்லக் கண் விழித்தது. அடிவாரம் மஞ்சளாகி, பாறைகள் ஒவ்வொன்றாகச் சிவந்து, 5.20க்கு உச்சி வரை பொன். கோபுரத்தின் ஓரமாகப் போய் நின்றாள். காலையில் கேமராவில் பார்த்த அதே படம், அச்சு அசலாக. ஸ்கூட்டியை ஊருக்குத் திருப்பினாள்.

மாலை 5.55.

மாடியில் பதினெட்டில் பன்னிரண்டு பேர் திரும்பி வந்திருந்தார்கள். ஓவியா அதே மூலையில் இருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உண்ணாமலை சன்னலருகே நின்றாள். "ராமகிருஷ்ணன் சார், நீங்க பொறந்தது எங்க?"

"இதே தெருதான். ஏன்?"

"விடியக்காலைல கிரிவலம் போயிருக்கீங்களா?"

"பௌர்ணமிக்கு ராத்திரில போயிருக்கேன்."

"அதான். நாப்பது வருஷமா காலைல எழுந்து மொட்டை மாடிக்கு வந்தா மலை பொன்னா நிக்கும். உங்க கண்ணுக்கு அது பழக்கம். ஏன்னா நாம மலைக்குக் கிழக்க இருக்கோம். அடி அண்ணாமலை மேற்க இருக்குது, சார். அங்க பொழுது மலைக்குப் பின்னாடிலேர்ந்து வரணும். தை மாசத்துல எட்டு மணி வரைக்கும் மலையோட அந்த முகம் கருப்பாத்தான் இருக்கும். ஏழு அஞ்சுக்குப் பொன்னா இருக்காது."

ஜவுளிக்கடைக்காரர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கிழக்கு மேற்குப் பார்த்துக்கொண்டார்.

"தேதி இருக்குதே, மேடம்," என்றார் ராமகிருஷ்ணன். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"ஓவியா, கேமராவுல தேதியை மாத்த முடியுமா?"

"ரெண்டு பட்டன், மேடம். எப்ப வேணா மாத்தலாம்."

"நேத்து மூணு பத்துக்கு உங்களுக்குச் சென்னைலேர்ந்து ஃபேக்ஸ் வந்துச்சு. மறுநாள் புது வெப்சைட்டு திறக்கப் போற ஆபீஸ்ல, இன்னொரு வெப்சைட்டுக்கு எதுக்கு சார் விலை கேக்கணும்? இது நிக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஃபேக்ஸ் கைக்கு வந்ததும் அடி அண்ணாமலை போனீங்க. கேமராவுல இன்னிக்குக் காலை நேரத்தை வெச்சு, சாயங்கால மலையை எடுத்தீங்க. காலைல இங்க வந்து துடைச்சீங்க. எண்பத்தஞ்சாயிரத்துல உங்களுக்கு எவ்ளோன்னு அந்தக் கம்பெனியை நான் கேக்கட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அவர் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். "பதினஞ்சாயிரம்," என்றார். சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "உங்களுக்கு நஷ்டம் வரணும்னு நினைக்கல, அண்ணி. திரும்பக் கட்டிக்கலாம்னுதான்…"

"எனக்கு நஷ்டம் இல்ல, தம்பி," என்றாள் வேதா. கண் கலங்கிவிட்டது. "அந்தப் பொண்ணு பேரு? அதை யாரு திரும்பக் கட்டறது?"

ராமகிருஷ்ணன் தலையைத் தொங்கப்போட்டபடி வாசலில் நின்ற கான்ஸ்டபிளோடு கீழே இறங்கிப் போனார்.

வேதா மூலைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். சாவியை ஓவியா கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "திரும்பக் கட்ட எத்தனை நாளாவும்மா?"

ஓவியா அணைத்திருந்த பையைத் திறந்து ஒரு சிடியை எடுத்தாள். "அரை மணி நேரம். எல்லாம் இதுல இருக்குது. காலைலயே போட்டிருப்பேன். தொடாதன்னு சொல்லிட்டீங்க."

வேதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

6.40க்குத் தளம் திறந்தது. முதல் பக்கத்தில் மலைக்கு விட்ட இடம் மட்டும் காலி. ஓவியா உண்ணாமலையைப் பார்த்தாள். "அந்தப் படம் நல்லா இருக்குது, மேடம். போடலாமா?"

"கேமரா கேஸுக்கு வேணும். ஒரு பிரதி எடுத்துக்க. நேரத்தை மட்டும் அஞ்சு இருபதுன்னு சரி பண்ணிடு."

ஓவியா ஆரஞ்சு எழுத்தை வெட்டி எறிந்தாள். கீழே அடித்தாள்: 'அடி அண்ணாமலையிலிருந்து, மாலை 5.20.' பொன் மலை திரையில் எழுந்து நின்றது. பன்னிரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். வேதா மட்டும் பக்கத்தின் அடியைத் தேடினாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

"உன் பேரு தெரியவே இல்லியே. பெருசாப் போடு," என்றாள். "ஃபோன் நம்பரும் போடு."

ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளப் பேனா கேட்டார்.